சொல்லுக்கு நான்கு ஸ்டோடின்கி

எழுந்ததும் முகம் கழுவுவதில்லை.
முதலில் மின்னஞ்சல்.
யாரும் எழுதவில்லை என்று உறுதியான பிறகே
அடுப்பில் காப்பிக் குடுவை.

ரூசே நகரம், நான்காம் மாடி.
எதிரே இரண்டு கூரைகளுக்கு நடுவில்
ஒரு விரற்கடை டான்யூப் ஆறு.
அந்த விரற்கடைக்கு
மாதம் முப்பது லெவா கூடுதல் வாடகை.

இன்று கெட்டில்கள்.
பதினெட்டுக் கெட்டில்கள், தலைக்கு நூற்றிருபது சொல்.
மூடியின் நிறம் தவிர
ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் கிடையாது.
'உங்கள் காலையைச் சூடாக்கும்' என்று
ஆறாவதற்கு எழுதினேன்.
ஒன்பதாவதில் ஓர் எழுத்து விட்டுப்போய்
'உங்கள் காலைச் சூடாக்கும்' என்றானது.
அனுப்பிவிட்டேன். எவரும் கேட்கவில்லை.
'மிக' என்று சேர்த்தால் நான்கு ஸ்டோடின்கி,
'மிக மிக' என்றால் எட்டு.
இப்படித்தான் என் நடை கெட்டது.

நடுநடுவே
போன மாதக் கூலி வந்ததா என்று பார்க்கிறேன்.
ஜன்னலருகே உட்கார்ந்துகொண்டே
திரையில் வானிலை பார்க்கிறேன்.
கூடப் படித்த ரதோஸ்வெதா, லிஸ்பனிலிருந்து
தன் எழுத்து மேசையைப் படமெடுத்துப் போட்டிருக்கிறாள்:
ஒரு நோட்டு, ஒரு எலுமிச்சை, வெயில்.
என் மேசையில் எலுமிச்சை இருந்தால்
இந்நேரம் தேநீருக்குள் போயிருக்கும்.
விருப்பக்குறி இட்டேன். எடுத்தேன். மறுபடி இட்டேன்.
பிறகு கடல்நாய்கள் எப்படித் தூங்குகின்றன என்று
முக்கால் மணி நேரம் படித்தேன்.
தண்ணீரில் சிலவற்றுக்கு மூளையில் பாதிதான் தூங்குமாம்.
நான் எழுதுவதும் அந்தப் பாதியில்தான்.

குளிர்பெட்டிக் கதவில் இந்த ஆண்டின் இலக்குகள்.
கடைவாய்ப் பல்லைக் காட்டுவது.
நாவலுக்குத் தினம் முந்நூறு சொல்.
இரவு ஒன்பதுக்கு மேல் கணினி கூடாது.
(இதை எழுதியபோது மணி ஒன்று நாற்பது.)
நாவலில் அவள் பயணச்சீட்டு ஜன்னலில் நிற்கிறாள்,
கையில் சில்லறையோடு,
முந்தைய ஆண்டு மார்ச்சிலிருந்து.

மாலையில் ராங்கெல் கதவைத் தட்டினார்.
இரண்டாம் மாடி, மின்தூக்கி பழுது பார்ப்பவர்.
கையில் மனைவியின் புகைப்படம்.
இங்கே இறந்தவர்களை
வாசற்கதவில் ஒட்டுவோம், கம்பத்தில், பேருந்து நிறுத்தத்தில்.
முகமும் இரண்டு வரியும்.
நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று.
அச்சுக் கடையில் ஆயத்த வரிகள் உண்டு,
எண் போட்டு வைத்திருப்பார்கள்.

"ஏழாம் எண்ணைக் காட்டினார்கள், நெவேனா.
'தூய உள்ளம்' என்று தொடங்குகிறது.
ஸ்டோயான்கா ஏழாம் எண் மாதிரி இருந்ததே இல்லை.
சொல்லுக்கு எவ்வளவு வாங்குவாய்?"

வெட்கம் வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது.
"நான்கு."
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"சரி. அப்படியானால் சுருக்கமாக எழுது."

சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாளாம், ஒளிக்காமல்.
வானொலிச் செய்தியோடு சண்டை பிடிப்பாளாம்.
இருபத்திரண்டு ஆண்டுகள் டிராலிபஸ் ஓட்டினாள்.
அதிகாரி மூன்று முறை எழுதிக் கண்டித்தார்,
வண்டி தாமதமாகிறது என்று.

பன்னிரண்டாவது கெட்டில் அப்படியே நின்றது.
எழுதி, அடித்து, எழுதி,
தலை நிமிர்ந்தபோது குப்பை வண்டியின் சத்தம்.
இரவு முழுக்க மின்னஞ்சல் பார்க்கவில்லை என்பது
அப்புறம்தான் உறைத்தது.

ஓடி வருபவர்களுக்காக
கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

ராங்கெல் விரல் விட்டு எண்ணினார். ஐந்து.
பெயருக்குக் காசு வேண்டாம் என்றேன்.
இருபது ஸ்டோடின்கி நாணயம் ஒன்றை மேசையில் வைத்தார்.
கூடவே ஒரு புட்டி மிளகாய் ஊறுகாய்,
அது கணக்கில் சேராது என்று சொல்லி.

இப்போது கீழ்வாசலில் அவள் முகம்.
ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் படிக்கிறேன்.
கம்பத்தில் ஒட்டியதைத் திருத்த முடியாது,
மழைதான் அழிக்க வேண்டும்.
'திறந்தே' என்பதில்
அந்த ஏகாரம் வேண்டியிருந்ததா?

பன்னிரண்டாவது கெட்டிலின் மூடி நீலம்.