பல்லைப் பிடித்துப் பார்த்தது

டாண்டினோங் ஸ்டேஷனுக்கு எதிர்க்கடை.
ஒரு டெராபைட் எஸ்எஸ்டி,
நூற்றெண்பது டாலர், உறை பிரியாமல்.
தானத்துக்கு வந்த மாடில்லையே,
பல்லைப் பிடித்துப் பார்த்தேன்:
பொன்முலாம் பற்களில் மூன்று மெல்லிய கீறல்.
யாரோ மாட்டிக் கழற்றியிருக்கிறார்கள்.

ஓடிய மணி பூச்சியம் என்கிறது திரை.
நாற்பது ஜிபி ஏற்றியதும்
மூச்சு வாங்குகிறது.
தோண்டினால் இன்னொரு கணக்கு,
அழிக்க மறந்தது:
இருபத்தொன்பதாயிரம் மணி.
மிச்ச ஆயுள் பதினொரு வீதம்,
அதுவும் உத்தேசம்.

திருப்பிக் கொடுக்கப் போனேன்.
நஜீபுல்லா உறையை மட்டும் பார்த்தான்.
"திறந்துவிட்டீர்களே அண்ணை,
இனி இது பழசு."

எழுத எழுதத்தான் தேயுமாம் இது,
வாசித்தால் தேயாதாம்.
ஒரேயொரு படம் எழுதிவைத்திருக்கிறேன்:
ரசீது.
கொட்டை எழுத்தில், 'புத்தம் புதியது'.
அவ்வப்போது வாசிக்கிறேன்.