மூன்று நிமிடம்

ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு, மஞ்சள், பிறகு சிவப்பு.
விளக்கை மாற்றுவது நான்தான்,
டான்சி கவுண்டியின் எழுத்தர்,
இந்த அறையில் பேச உரிமை இல்லாத இருவரில் ஒருத்தி.
இன்னொருத்தி கடைசி வரிசையில்
மடியில் கோட்டோடு உட்கார்ந்திருக்கும் நூலகர் மாரிட்.
சம்பளம் வாங்குபவர் சாட்சி சொல்லக் கூடாதாம்.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே ஐந்து ஆணையர்கள்,
தீர்மானம் எண் பதினொன்று:
நூலகம் இனி வாரத்துக்கு இரண்டே நாள்.

முதலில் வென்டெல் காவுகோனென்,
பனி வழிக்கும் லாரி ஓட்டுபவர்.
"நான் ஒரு புத்தகத்தையும் முடித்தவன் இல்லை"
என்று தொடங்கினார்.
போச்சு, என்று நினைத்தேன்.
"ஆனால் விடிகாலை ஐந்துக்கு
அங்கே கார் நிறுத்தும் இடத்தை
நூல் பிடித்தாற்போல் வழித்துவிடுபவன்.
பூட்டிய கட்டடத்தின் முன்னால்
எஞ்சினை அணைக்காத கார்கள், தினமும் நாலோ ஐந்தோ.
சுவர் தாண்டிக் கசிகிற வைஃபையில்
பையன்கள் வீட்டுப்பாடம் அனுப்புகிறார்கள்.
அவர்களைச் சுற்றிச் சுற்றித்தான் வழிக்கிறேன்.
அவ்வளவுதான்."
பாக்கி இரண்டு நிமிடத்தை மேசையிலேயே விட்டுவிட்டு
உட்கார்ந்தார். பச்சை எரிந்துகொண்டிருந்தது.

டெல்ஃபின் ரோரிக் இரவல் ரசீதைப் படித்தாள்:
இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று,
கேக் அச்சு ஒன்று, துப்பறியும் நாவல் ஏழு.
"என் வீட்டு வரியில் நூலகத்தின் பங்கு இரண்டு பீட்சா.
மிச்சம் பிடித்த பீட்சாவை
எப்போது தருவீர்கள், எந்தத் தட்டில்?"
தலைவர் சுத்தியலைத் தேடுவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது.

லோரன் பீச்சம் எழுந்து,
சிறையிலிருந்து வந்த மறுநாள்
தன்னை நம்பி எதையாவது கொடுத்த இடம்
இந்த ஊரில் அது ஒன்றுதான் என்றார்.
குழாய் ரிப்பேர் புத்தகம். மூன்று டிவிடி.
எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்,
யாரும் கேட்காமலே.

ராய்ஸ் டுகேட் எதிர்த்தார்.
"போன வருஷ வரியைக் கறவை மாடுகளை விற்றுக் கட்டினேன்.
அடுத்த வருஷம் விற்க என்ன இருக்கிறது?"
அதற்கு அந்த அறையில் யாரிடமும் பதில் இல்லை.
சிவப்பு விளக்கை அரை நிமிடம் தாமதமாகப் போட்டேன்.
இதைக் குறிப்பில் எழுதவில்லை.

பிறகு ஆணையர் ஓஸ்ட்ரைக் தொண்டையைச் செருமி
"எல்லாம்தான் கைபேசியிலேயே வந்துவிட்டதே" என்றார்.
சொன்ன கையோடு
கனத்த நீலச் சட்டத் தொகுதியை இழுத்து
எச்சில் தொட்டுப் புரட்டி
நிதிப் பிரிவை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

கவுண்டி சட்ட நூல் வாங்குவதை நிறுத்தி ஆறு வருடம்.
பிற்பகல் தெருவைக் கடந்து
என் அட்டையில் நான் இரவல் எடுத்து வந்தது அது.
அதன் முதுகில் ஒட்டிய நூலகச் சீட்டு
கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.
மாரிட் அதைப் பார்த்தாள். பிறகு என்னை.

வாக்கெடுப்பு இரண்டு வாரம் தள்ளிப்போனது.
"ஜெயித்தோமா?" தொப்பியைக் காதுவரை இழுத்தபடி
வென்டெல் கேட்டார்.
"உன் வேலை மாதிரிதான்" என்றாள் டெல்ஃபின்,
"நாளைக்கும் விழும்."

இரவு பத்தரைக்குக் குறிப்பைத் தட்டச்சு செய்தேன்.
பேசியோர் பதினான்கு. ஆதரவு பதின்மூன்று.
வாசிக்கப்பட்ட சட்டப் பிரிவுக்குக் கீழே
ஆதாரம் காட்ட வேண்டும் என்பது விதி.
விதியை மீற நான் யார்?

ஆதாரம்: பொது நூலகம், மேற்குச் சுவர், இரண்டாம் தட்டு.
திருப்பித் தர வேண்டிய நாள் இருபத்தெட்டு, செவ்வாய்.
வாக்கெடுப்பும் அன்றைக்குத்தான்.