ஒரு கிலோவுக்கு இவ்வளவு

நாலே முக்கால்.
லயத்தில் இன்னும் ஒரு அடுப்பும் புகையவில்லை.
கண்ணாடி கிளாஸில் தண்ணீர் ஊற்றி
இரண்டு மாத்திரை போடுகிறேன்.
நமுனுகுலை மலையை மூடுபனி மறைக்கிற மாதிரி
கிளாஸுக்குள்ளும் வெள்ளையாக இறங்குகிறது.
கடிக்கக் கூடாது. அப்படியே விழுங்கக் கூடாது.
கலக்கிக் குடித்த பிறகும்
அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.
அதற்கு இன்னும் ஒரு வாய்த் தண்ணீர்.
அதையும் அலசிக் குடிக்க வேண்டும்.

பிறகு அரை மணி நேரம்
நானும் வெறும் வயிறும்.

பதுளை ஆஸ்பத்திரியில் என்னை நிறுத்துத்தான்
கணக்குப் போட்டார்கள்.
ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று.
எனக்குத் தெரிந்த தராசு மலையில் தொங்குவது.
"ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிக்கலையா டொக்டர்?"
அவருக்குத் தமிழ் அரைகுறை.
நேர்ஸ் சிங்களத்தில் சொன்னதும் சிரித்தார்.
சிரிப்பு அடங்கியதும் சொன்னார்:
நாற்பத்தொன்று.
இது மாறினால் மாத்திரையும் மாறும்.
நீயாக மாற்றாதே.
ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதே.
வயிற்றெரிச்சலுக்கு அந்த வெள்ளை மருந்தை
எங்களைக் கேட்காமல் குடிக்காதே.
வாந்தி, வயிற்றோட்டம் என்றால்
விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காதே, வா.
கிட்னி தாங்காது.

மாதா மாதம்
பேர் தெரியாத யாரோ ஒருவரின் ரத்தம் எனக்குள் ஏறுகிறது.
கூடவே அதன் இரும்பும்.
ரத்தம் செலவாகிவிடும். இரும்பு போகாது.
ஈரலில் குந்தும், நெஞ்சில் குந்தும்,
பென்ஷன் வயசாகியும்
காம்பரா விட்டுப் போக இடமில்லாத ஆள் மாதிரி.
அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
ஆனாலும் போகத்தான் வேண்டும்.
இந்த மாத்திரை அதன் கையைப் பிடித்து
மெதுவாக வெளியே கூட்டிப்போகிறது.

போன வியாழன் பிள்ளைக்காம்பராவில் கிளினிக்.
புது மிட்வைஃப் மிஸ் என் கண்ணிமையைக் கீழே இழுத்தார்.
"ஐயோ, சுண்ணாம்பு மாதிரி."
அறுபது இரும்பு மாத்திரை என் கையில்.
"வேணாம் மிஸ்."
வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
"சும்மாதானே குடுக்கிறாங்க, வாங்கு புள்ள"
என்றாள் பின்னால் நின்ற அமராவதி.
"ஈரல் வாங்கி அவிச்சுத் தின்னு."
எல்லா ரத்தமும் இரும்பு கேட்கிற மலையில்
என் ரத்தம் மட்டும் போதும் என்கிறது.
இதை எந்த வாயால் சொல்ல?
சம்பளச் சிட்டையோடு பொலித்தீனில் மடித்து வைத்த
கார்டை நீட்டினேன்.

மிஸ் படித்தார். திருப்பியும் படித்தார்.
மாத்திரைகளை என் கையிலிருந்து எடுத்து
அமராவதியிடம் கொடுத்தார்.
கோபமோ என்று நினைத்தேன்.
"காது செக் பண்ணியா? கண்?
வருஷத்துக்கு ஒருக்கா என்று போட்டிருக்கே."
பண்ணவில்லை.
பதுளைக்குப் போனால் ஒரு பேர் போய்விடும்.
ரத்தம் ஏற்றுகிற நாளுக்கே போகிறதே.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கார்டின் ஓரத்தில்
சிவப்புப் பேனையால் ஒரு காது வரைந்தார்.
அழகாக இல்லை. ரொட்டி மாதிரி இருந்தது.

அஞ்சே கால் தாண்டிவிட்டது.
ரொட்டியோடு சாயத்தண்ணி குடிக்கலாம், நல்லது என்றார் டொக்டர்.
சாப்பாட்டில் இருக்கிற இரும்பைத் தேயிலை
முழுசாக உள்ளே விடாதாம்.
இத்தனை வருஷத்தில்
இந்தச் செடி எனக்குச் செய்த ஒரே உபகாரம்.

செவ்வாய்க்கிழமை போகிறேன். பேர் போகட்டும்.
வெளியே பீலித் தண்ணீர்
யாரோ வைத்த வாளியில் விழுகிறது.
இப்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று
அது கேட்கிறதா என்று
கேட்டுப் பார்க்கிறேன்.