எதிர்க்காற்று

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில்
ஐந்து எண் போட்ட கறுப்புக் குமிழ்.
பாய்சியிலிருந்து ஒரு பையன் மடிக்கணினியோடு வந்து
எங்கள் கொட்டகையில் பகல் முழுக்க உட்கார்ந்து
ஒரே என்ஜினுக்கு ஐந்து மெட்டுப் போட்டுக் கொடுத்தான்.
ஒன்று, கம்பெனி கொடுத்தது.
இரண்டு, சுமை இழுக்க.
மூன்றையும் நான்கையும் யாரும் தொடுவதில்லை.
ஐந்து, வெண்டெலுடையது.

கோடைச் சனிக்கிழமைகளில் அவன்
கால் மைல் பந்தயத்துக்குப் போவான்.
பச்சை விளக்கு விழுந்ததும் மூன்று டன் இரும்பு
பின்காலில் குந்திப் பாயும்.
பதின்மூன்று நொடி.
வீட்டுக்கு வந்து அதை ஒரு மணி நேரம் சொல்வான்.
தேன் சட்டங்களைச் சுரண்டிக்கொண்டே
கேட்கிற மாதிரி இருப்பேன்.

என் ஓட்டம் வேறு.
ஜனவரிக் கடைசியில், ஐடஹோ உறைந்து கிடக்கையில்,
தொண்ணூற்றாறு தேனீப் பெட்டிகளை வலைபோர்த்தி ஏற்றி
கலிபோர்னியாவின் பாதாம் தோப்புகளுக்கு.
பூ யாருக்காகவும் காத்திராது.
நடுவில் சியரா மலை.
இரண்டாம் மெட்டு அலட்டிக்கொள்ளாது:
டீசலை அளந்து புகட்டும்,
மேட்டில் வேகம் நாற்பதுக்கு இறங்கினாலும் வெட்கப்படாது.

இந்த வருஷம் குமிழைப் பார்க்க மறந்தேன்.
பந்தயத் தடம் பனியில் மூடிக் கிடக்கிறதே என்றிருந்தேன்.
முதல்நாள் இரவு சர்க்கரை ஆலைச் சாலையில்
யாருக்கோ காட்டியிருக்கிறான்.
நெவாடாச் சமவெளியில் வண்டி கொஞ்சம் துள்ளியது;
நல்ல டீசல் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ட்ரக்கி ஏற்றத்தில் பக்கக் கண்ணாடி முழுக்கக் கரும்புகை.
பின்னால் ஒருவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.
வெப்பமானி முள் ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு.
முந்நூறைத் தாண்டினால் பிஸ்டன் உருகும் என்று
அவனேதான் அதில் சிவப்புக் கோடு போட்டிருந்தான்,
என் நகப்பூச்சை எடுத்து.
முள் கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றது.

ஓரம் கட்டினேன். உடனே அணைக்கக் கூடாது,
கொதிக்கிற டர்போ எண்ணெயின்றி வெந்துபோகும்.
ஓடவிட்டே இறங்கி
பனிச்சரிவைப் பார்த்து வெண்டெலைத் திட்டினேன்,
லாரிக்காரர்கள் கேட்டால் கூசுகிற வார்த்தைகளில்.
பிறகு ஒரு பெட்டியில் காது வைத்தேன்.
உள்ளே அவை உருண்டையாய் நெருங்கி,
இறக்கையை அசைக்காமல் தசையை மட்டும் நடுக்கி
ராணியைச் சூடாக வைத்திருந்தன.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
முள் நானூறுக்கு இறங்கியது.
குமிழை இரண்டுக்குத் திருகி
லாரிகளுக்குப் பின்னால் லாரியாய் ஏறினேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் நல்லவள்.

பெட்டிகளை இறக்கி, ட்ரெய்லரையும் தோப்பிலேயே விட்டுத்
திரும்பி வருகையில், வின்னமக்காவுக்கு அப்பால்,
விடிகாலை நாலரை.
முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் இல்லை.
முழங்காலில் ஏதோ உறுத்தியது.
மூன்று. நான்கு.

யாரோ என் முதுகை இருக்கையோடு சேர்த்து அறைந்தார்கள்.
மைல் பலகைகள் சீட்டுக்கட்டாய்ச் சரிந்தன.
வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது,
சிரிப்பென்று பிறகுதான் தெரிந்தது.
பதினோரு நொடி இருக்கும்.
இதை ஒரு மணி நேரம் சொல்லலாம்.
இரண்டு மணி நேரம்கூடச் சொல்லலாம்.

வாசலில் குமிழை இரண்டில் வைத்துவிட்டு இறங்கினேன்.
ட்ரக்கி ஏற்றத்தைச் சொன்னேன்.
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.
இனிமேல் ஐந்தில் விடமாட்டேன் என்றான்.
டீசல் ரசீதுகளைப் புரட்டினான்.
"வரும்போது வெறும் வண்டிதானே, இவ்வளவா குடித்தது?"

"எதிர்க்காற்று" என்றேன்.

நெவாடாவில் காற்று மேற்கிலிருந்து வீசும்.
நான் வந்ததும் மேற்கிலிருந்துதான்.
வெண்டெல் ரசீதுகளை மடித்தான்,
குமிழை ஒரு பார்வை பார்த்தான்,
காபி போடட்டுமா என்று கேட்டான்.