வாயப்பயம்

முப்பது வருடமாய்த் தின்ற எறாதான்.
அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்
அவளை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

கரண்டியோடு நின்றவள்
முதலில் உள்ளங்கையைச் சொறிந்தாள்.
பிறகு காது.
பிறகு கழுத்தெல்லாம் தடிப்பு,
உள்ளிருந்து யாரோ விரல் வைத்து அழுத்துவதுபோல.
"தொண்டைல யாரோ குந்திக்கினாங்கய்யா" என்றாள்.
சிரித்தேன்.
மறைக்காமல் சொல்கிறேன், சிரித்தேன்.

அன்று மாலை கேட் திறந்திருந்தது.
கொருக்குப்பேட்டையில் அதுவே ஒரு செய்தி.
ஸ்டான்லியில் தொடையில் ஓர் ஊசி.
கால் மணி நேரத்தில்
உதடு உதடானது, கண் கண்ணானது.
யாரோ ஒருத்தியை உள்ளே கொண்டுபோய்
என் டில்லிராணியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண், தெற்கத்திப் பேச்சு.
நாக்கு வீங்கியிருக்கிறதா பார்க்க
"வாழைப்பழம் சொல்லுங்க" என்றார்.
"வாயப்பயம்."
டாக்டர் முகம் மாறி டார்ச்சை எடுத்தார்.
ஐயோ மேடம், வீக்கம் இல்லை,
எங்கள் பக்கம் யார் வாயிலும்
பழம் பயம்தான்.
சலைன் ஏறிக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில்கூடச் சிரித்தது.

காலை வரைக்கும் இருங்க என்றார்.
சிலருக்குப் போன மாதிரி போய் மறுபடி வரும்,
எறாவைத் தொடாமலே.
எப்போ வரும்?
எட்டு மணி நேரம், பத்து. சிலருக்கு மறுநாள்கூட.
யாருக்கு வரும்?
தெரிஞ்சா உங்களை ஏன் இருக்கச் சொல்றேன்.

எனக்கு விடிந்தால் முதல் ஷிப்ட்.
பையன் பக்கத்து வீட்டில்.
அவளுக்கு அந்தக் கக்கூஸ் பிடிக்கவில்லை.
சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்ற தாளில்
கையெழுத்துப் போட்டேன்.
என் கையெழுத்து அழகாக இருக்கும்.

இரண்டே முக்காலுக்கு எழுப்பினாள்.
தண்ணி வேணும் என்றாள், குடிக்கவில்லை.
"வாழைப்பழம் சொல்லு."
"வாயப்பயம்."
அதே சொல். ஆனால்
பதினொரு வருடம் காதோரம் கேட்ட குரலில்
ஓர் இழை மட்டும் தடித்திருந்தது.

ஆட்டோ கிடைத்தது. கேட் மூடியிருந்தது.
டேங்கர் ரயில், அவசரமே இல்லாமல்.
அவள் மூச்சில் விசில் கேட்டது,
என் சட்டையைப் பிடித்திருந்த கை சூடாக இருந்தது.
கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் போனது.
கேட் எழவில்லை.

இங்கே பிறந்தவனுக்குத் தெரியும்,
ஒரு வண்டி போயும் கேட் தூக்காவிட்டால்
எதிர்ப்பக்கம் இன்னொன்று வருகிறது.
பள்ளிக்கூட நாட்களில்
இந்தக் கம்பிக்குக் கீழே குனிந்து போனவர்களில்
இரண்டு பேரைத் துணி போட்டு மூடினார்கள்.
வண்டி வருவதைப் பார்க்காதவர்கள் இல்லை அவர்கள்.
வண்டி போய்விட்டதைப் பார்த்தவர்கள்.

நான்கு நிமிடம்.
அதற்குமேல் அதைப் பற்றி எழுத வராது எனக்கு.

அதே டாக்டரம்மா. அதே தொடை.
தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
இரண்டு நாள் இருந்தோம்.
மூன்றாவது வண்டி வரவில்லை.

ஏழு மாதமாகிறது.
மாடி வீட்டில் எறா வதக்கினால் சன்னலைச் சாத்துகிறோம்.
அவள் பையில் ஊசி இருக்கிறது, சாவிக்கொத்தோடு.
அவள் நன்றாகத் தூங்குகிறாள்.
எனக்குத்தான் இரண்டே முக்கால் ஆனால்
யாரும் எழுப்பாமல் விழிப்பு வருகிறது.
"டில்லி, வாழைப்பழம் சொல்லு."
"வாயப்பயம். படுய்யா."

நேற்று ராத்திரியும் கேட்டேன்.
இருட்டில் சுத்தமாக, நாக்கு மடித்து,
"வாழைப்பழம்" என்றது ஒரு குரல்.
பதறி லைட்டைப் போட்டேன்.
தலையணையில் முகம் புதைத்துச் சிரிக்கிறாள்,
"டாக்டரம்மா மாதிரி சொன்னேன், சரியா கீதா?"

கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான்
அணைத்தேன்.