இரண்டாவது பத்து

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு
என்றவர்
அளவைச் சொல்லாமல் போய்விட்டார்.
அந்த இடத்தை நிரப்பத்தான்
குவெல்ஃபில், ரயில் பாதைக்குப் பின்புறம்,
லோஷன் கம்பெனியின் இரண்டாம் மாடியில்
எனக்கொரு மேசை, சம்பளம், பல் காப்பீடு.

எலிக்கு ஊட்டி ஊட்டிப் பார்த்திருப்பார்கள்
யாரோ, எப்போதோ.
ஒன்றும் ஆகாத கடைசி அளவு
பழைய அறிக்கை ஒன்றில் கிடக்கும்.
அதை எடுத்துக்கொள்வேன்.
எலிக்கும் மனிதருக்கும் உள்ள தூரத்துக்காகப்
பத்தால் வகுப்பேன்.
மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள தூரத்துக்காக
மறுபடியும் பத்தால்.

சேர்ந்த வாரம் இந்த இரண்டாவது பத்தில்தான்
பேனா நின்றது.
எலியிலிருந்து நான் எவ்வளவு தள்ளியோ
அவ்வளவு தள்ளி இருக்கலாமாம்
பக்கத்து மேசை மார்கரித்.
அவளிடம் சொன்னேன்.
"யார் எலி?" என்று மட்டும் கேட்டாள்.

பெரியகுளத்திலிருந்து நாத்தனார் கூப்பிடுகிறாள்.
"பாராபென் போட்டிருக்கு, விஷமாமே?"
"எத்தனை சதவீதம்?"
"விஷமான்னு கேட்டா
ரேஷன் கடைக்காரி மாதிரி எவ்வளவுங்கறே."
தண்ணீருக்கும் ஓர் அளவு உண்டு என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
சாயங்காலத்துக்குள் குடும்பக் குழுவில்,
கனடாவில் தண்ணீர் விஷமாகிவிட்டது.

"முழுக்க இயற்கை" என்று டப்பாவில் அச்சடிக்கிறவர்கள்
அரளியை நினைத்துப் பார்ப்பதில்லை.
இருக்கட்டும்.

ஜனவரியில் ஒரு கடிதம், காகிதத்தில்.
சஸ்காட்டூன். டோரீன் மகோவ்சக்.
முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டும் வேலை.
ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது தடவை கை கழுவுகிறேன்,
கழுவுந்தோறும் உங்கள் லோஷனைப் போடுகிறேன்,
போட்டதும் எரிகிறது,
என்னதான் கலக்கிறீர்கள்?
கூடவே ஒரு புகைப்படம்.
விரல் முட்டிகளில் பிளேடு இழுத்ததுபோல்
நேர் நேரான வெடிப்புகள்.

கோப்பை எடுத்தேன்.
நாளைக்கு இரண்டு தடவை என்றிருந்ததை
நாற்பதாக்கிப் போட்டுப் பார்த்தேன்.
நூற்று முப்பத்தொன்று.
நூறுக்கு மேல் என்றால் பாதுகாப்பு.
கால்குலேட்டருக்கு மனசாட்சி உறுத்தவில்லை.

மூன்றாம் பக்கத்தில், என் கையெழுத்தில்:
தோல் முழுமையானது எனக் கொள்க.

பத்தாம் வகுப்புக் கணக்கில் வருமே, அந்தக் கொள்க.
கொண்டேன்.
டோரீனின் கை கொள்ளவில்லை.

பூசியது முழுவதும் உள்ளே போகிறது என்று போட்டால்
முப்பத்தெட்டு.
அதிலும் யாரும் சாகப் போவதில்லை.
எரிச்சல் இந்தக் கணக்கிலேயே வராது,
அதற்கு வேறு சோதனை:
ஐம்பது பேர் முதுகில் ஒட்டிய பட்டைகள்,
இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் சிவப்பு இல்லை.
ஐம்பதும் நல்ல முதுகு.
முதுகால் யாரும் யாரையும் குளிப்பாட்டுவதில்லை.

பதிலுக்கு ஒரு படிவம் இருக்கிறது.
"உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்."
கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன்:
வெடிப்பு மூடும்வரை இதை விட்டுவிடுங்கள்.
வாசனை இல்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி,
மூன்று டாலர், இரவில்,
மேலே பருத்திக் கையுறை.
எங்களுடையது அல்ல.

கடைசி இரண்டு சொற்களை மார்கரித் அடித்தாள்.
அவள் மேலாளர் அந்த வரியையே அடித்தார்.

வெளியே கழித்தல் இருபத்திரண்டு.
மதிய இடைவேளையில் சொந்தக் காகிதத்தில்,
சொந்த ஸ்டாம்பில் எழுதினேன்.
முகவரிக்காக அவள் கடிதத்தைத் திருப்பியபோதுதான்
கண்ணில் பட்டது,
மடிப்போரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு
எண்ணெய் ஊறிய ஒரு கறை.
மோந்து பார்த்தேன்.
எங்களுடையதுதான்.

எரிந்த கையில்
அன்றைக்கும் போட்டுக்கொண்டுதான்
எழுதியிருக்கிறாள்.