ஆண்டு என்னும் கட்டம்

மோல்மேன் காட்சிசாலையின் பின்னறை.
மழை பிடித்து ஒன்பதாம் நாள்.
மேசைமேல் நீட்டிக் கிடக்கிறது அது,
கழுத்தில் பழைய சீட்டோடு:
'போர்த்துகீசியத் திரித்துப்பாக்கி. மிகப் பழையது.'

மிகப் பழையது என்பது ஒரு காலமா?
படிவத்தில் இருப்பது ஒற்றைக் கட்டம்.
ஆண்டு.

முதலில் கட்டை.
படாக் மரம், வேங்கைக்குப் பங்காளி.
பட்டைத் தகட்டைக் கழற்றி அடியில் நகம் ஓட்டினேன்.
அறுத்த தடம் வளைந்திருந்தது.
மரக்கம்பெனிகள் கொண்டுவந்த வட்ட ரம்பம்;
நூற்றைம்பது வயதிருந்தால் அதிகம்.

திரியைக் கவ்வும் பித்தளைப் பாம்பு
வாய் பிளந்து நிற்கிறது.
விசையைத் தொட்டால் வெடுக்கென்று கொத்தும் ஜாதி.
கோவாவில் வார்த்ததோ மலாக்காவிலோ,
பல்லிடுக்கில் இன்னும் கரி.

குழல் வேறு கதை.
எண்ணெய்த் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க
துருவுக்கடியிலிருந்து நாலு குறிகள் வந்தன.
மோன் எழுத்து என்றாள் மி கோன்.
பூவேலை என்றார் ஊ தெய்ன் மாங்.
செட்டியார் கடைப் பேரேடுகளை
ஏழு வருஷம் கரையானிடமிருந்து பிடுங்கிப் பதிந்தவள் நான்.
எனக்குத் தெரியும் அந்த முகங்களை.
௪௱௰௨.
நானூற்றுப் பன்னிரண்டு.

"கிடைத்துவிட்டது ஆண்டு!"
பேனா மூடியைத் திறந்தார் ஊ தெய்ன் மாங்.
எந்த ஆண்டு, ஐயா?
பர்மியக் கணக்கில் அது பகானில் செங்கல் அடுக்கிய காலம்,
வெடிமருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.
கொல்லம் ஆண்டென்றாலும் கதி அதேதான்.
இது கொட்டடி எண்.
தென்னாட்டில் ஏதோ ஒரு பாளையத்தில்
நானூற்றுப் பதினொன்றுக்கும் பதிமூன்றுக்கும் நடுவே
சுவரில் சாய்ந்திருந்தேன் என்கிறது.
அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

கடைசியில் நீளம்.
வெளியே, வாயிலிருந்து தீத்துளை வரை
ஐம்பத்துமூன்று அங்குலம்.
மூங்கில் கோலை உள்ளே விட்டேன்.
ஐம்பதில் நின்றது.
உருவித் துடைத்து மறுபடி விட்டேன்.
ஐம்பது.

மருந்து, தக்கை, ஓர் ஈயக்குண்டு.

மி கோன் நாற்காலியோடு பின்வாங்கினாள்.
யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள், ஏனென்று தெரியவில்லை.
நல்லவேளை, குழல்வாய் ஜன்னலைப் பார்த்திருந்தது,
ஜன்னலுக்கப்பால் சால்வீன் ஆறு.

ஒருவன் இதைக் கெட்டித்திருக்கிறான்.
திரிமுனையை ஊதிச் சிவக்கவைத்து
ஒரு கண்ணை மூடியிருக்கிறான்.
அப்புறம் மழை வந்ததோ,
எதிரே நின்றவன் தெரிந்தவனோ.

கட்டத்தைத் தொடாமல்
சீட்டின் பின்புறம் சிவப்பு மையில் எழுதினேன்:
உள்ளே நிரப்பியிருக்கிறது. தீப்பெட்டியோடு வராதீர்கள்.

"ஆண்டு?" என்றார் ஊ தெய்ன் மாங்,
வாசலுக்கு வெளியே நின்றபடி.